கொசு வயித்துக்குள்ள கெமிஸ்ட்ரி லேப்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் செகண்ட் ஷிப்ட் முடிச்சு ரூமுக்கு வந்து படுத்தா, காதோரம் 'ஙொய்ங்'குனு சத்தமா? கொசுதானேன்னு லேசா நினைக்காதீங்க பாஸ்! அதோட சொந்தக்காரங்க பெரிய கில்லாடிங்க.

டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும்னு 1939-ல் கண்டுபிடிச்ச பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு. ஆறே வருஷத்தில், 1954-ல், நம்ம ஈரோட்டில் மலேரியா பரப்பும் அனோஃபிலஸ் ஸ்டீபன்சி கொசுவின் புழுக்கள் டி.டி.டி.க்கு அசராதது பதிவானது.

எப்படித் தப்பிக்குதுங்க? பல பூச்சிகள் கையாளும் வழி இது. உடம்பில் உள்ள ஒரு நொதி, டி.டி.டி.யிலிருந்து ஒரு குளோரினையும் ஒரு ஹைட்ரஜனையும் உருவிவிடும். மிச்சம் டி.டி.இ. பூச்சியின் நரம்பை உலுக்கும் பவர் அதுக்குக் கிடையாது. இதுக்குக் கொசு எங்கேயும் டியூஷன் போகலை. நொதி குறைந்தவை மருந்தில் செத்தன. அதிகமுள்ளவை பிழைத்து முட்டையிட்டன. அவ்வளவுதான்.

சோகம் என்னன்னா, கொசுவை ஒண்ணும் செய்யாத டி.டி.இ. லேசில் அழியாது. நம்ம உடம்புக் கொழுப்பில் தங்கும். கழுகு போன்ற பறவைகளின் முட்டை ஓட்டை மெலிய வைக்கும். விவசாயத்தில் டி.டி.டி.க்கு இந்தியா 1989-ல் தடை போட்டது.

ஸ்டீபன்சிக்குப் பிடிச்ச இடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. திருவள்ளூரோ, கும்மிடிப்பூண்டியோ, இன்னிக்கே மாடி ஏறி டேங்க் மூடியை இறுக்கிப் போடுங்க. மூடியை ஜீரணிக்கிற நொதி எந்தக் கொசுகிட்டயும் இல்லை!