மாத்திரைக்கும் வேண்டும் காப்பீடு

எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும், வருமானம் பாராமல், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்ற ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கத்தை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் ஒரு குடும்பத்துக்கு அதே தொகைதான். நல்ல திட்டங்கள். ஆனால் இவை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கானவை. ஆயுஷ்மான் பாரத்தில், சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும் வீடு திரும்பியபின் 15 நாள் செலவும் அடங்கும். பதினாறாம் நாள் முதல் மாத்திரை கைக்காசில்தான்.

முதுமையின் மருத்துவச் செலவு மாதாமாதம் வருவது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், தைராய்டு, கண் சொட்டு மருந்து என்று சீட்டு நீள்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஓய்வூதியம் இல்லாத சமையல்காரரோ, கணவரை இழந்த மூதாட்டியோ இதற்கு என்ன செய்வார்? மாத்திரையைப் பாதியாகப் பிட்டு விழுங்குவார். ரத்தப் பரிசோதனையை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார். காவிரிப் பாலம் தாண்டித் திருச்சி புத்தூர் அரசுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் சிகிச்சை இலவசம்தான். ஆனால் முட்டி வலிக்காரருக்கு ஆட்டோ வேண்டும். துணைக்கு வரும் மகனுக்கோ மகளுக்கோ அன்றைய கூலி போகும். முதியோர் உதவித்தொகையில், எண்பது வயதுக்கு உட்பட்டவருக்கு மத்திய அரசின் பங்கு இன்றும் மாதம் 200 ரூபாய். மாநிலம் கூடுதலாகத் தந்தாலும் வீட்டு வாடகைக்கே போதாது.

இந்தச் சிக்கனத்தால் அரசுக்கும் லாபமில்லை. கலிஃபோர்னியாவில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் மருத்துவருக்கும் மருந்துக்கும் தரவேண்டிய சொந்தப் பங்கை உயர்த்தியதும், மருத்துவரிடம் போவது குறைந்தது, மருத்துவமனையில் சேர்வது கூடியது என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. விட்டுப்போன மாத்திரை பக்கவாதமாகத் திரும்பினால், அதே காப்பீடுதான் லட்சக்கணக்கில் கொடுக்கிறது.

தமிழகம் வழி காட்டாமல் இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், முதன்மையாக ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 2025-ல் திறந்த முதல்வர் மருந்தகங்கள் விலையைக் குறைத்தன. எழுபது கடந்தவர்களுக்கு இதை அடுத்த படிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். காப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதியை வெளிநோயாளிப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் ஒதுக்க வேண்டும். இதய மருந்தும் கண் மருந்தும் வீடு தேடிப் போகும் பையில் சேர வேண்டும். புத்தூரில் நிபுணர் எழுதும் மருந்தை, ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையிலேயே இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வழங்க வேண்டும். கடைசியாகச் சொன்னதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சுகாதாரத் துறையின் ஓர் உத்தரவே போதும்.