அம்மாவின் சுவருக்குக் கரி பூசாதீர்கள்

அண்மையில் வலிகாமத்தில் காலஞ்சென்ற மூத்த நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய துணைவியார் எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர். தனியாக இருக்கிறார். ரொறன்ரோவில் உள்ள மகன் பணம் அனுப்பிப் பழைய வீட்டைத் திருத்திக் கொடுத்திருந்தார். காலை பதினொரு மணி, முற்றத்தில் கண் கூசும் வெயில். உள்ளே கால் வைத்தால் மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. சாலையின் நான்கு சுவர்களும் நிலக்கரி நிறம். சமையலறைக்குப் போகும் ஒடுங்கிய நடைவழி கரும்பச்சை. தரையில் கடும் சாம்பல் நிற மாபிள்.

"பகலிலையும் லைற்றைப் போட்டுக்கொண்டுதான் திரியிறன் தம்பி. குசினிப் படியிலை ரெண்டு தரம் கால் தட்டுப்பட்டுப் போச்சுது" என்றார். மகனிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். "பிள்ளை ஆசைப்பட்டுச் செய்தவன். நான் என்னெண்டு சொல்லுறது?"

இதை எழுதத் தூண்டியது அந்தக் கடைசி வாக்கியந்தான். சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்பது அவரவர் விருப்பம், இதிலே ஒரு பத்திரிகைக்காரன் மூக்கை நுழைக்க என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். அவரவர் வீட்டுக்கு அவரவர் விருப்பம் என்றால் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் இன்று எங்கள் ஊர்களில் நிறத்தைத் தெரிவு செய்பவர் ஒரு நாட்டில் இருக்கிறார், அந்தச் சுவர்களுக்குள் இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பவர் இன்னொரு நாட்டில் இருக்கிறார். தெரிவு செய்பவர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைப் பார்த்து, நிற அட்டையின் இலக்கத்தை வர்ணம் பூசுபவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். தூரிகை பிடிப்பவர் கேள்வி கேட்பதில்லை. தாயாரும் கேட்பதில்லை.

எங்கள் மொழியில் இந்த வேலைக்குப் பெயரே வெள்ளையடித்தல். (பாடநூல்களில் 'தீந்தை' என்றொரு சொல் உண்டு. அதைக் கேட்டு வர்ணம் வாங்கிய எவரையும் நான் கண்டதில்லை.) பொங்கலுக்கு, கோயில் திருவிழாவுக்கு, வீட்டில் கலியாணம் என்றால் அதற்கு முன்பாக, சுண்ணாம்பைக் கரைத்து, சிறிது நீலம் சேர்த்துச் சுவருக்கு அடித்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின்மேல்தான் கிடக்கிறது, ஆகவே சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாகிறது. அதன் காரத்தன்மையில் பூஞ்சணம் இலகுவில் பிடிப்பதில்லை.

இதை அழகுணர்ச்சியின் பெருமையாக மட்டும் சொல்ல நான் வரவில்லை. சுண்ணாம்பில் கடும் நிறம் வராது. அந்தக் காரம் பல நிறப்பொருட்களைத் தின்றுவிடும். காவி மண், நீலம் போன்ற தாக்குப்பிடிக்கும் சிலவற்றையும் அளவுக்கு மேல் சேர்த்தால் பூச்சு பிடிக்காமல் கையோடு உதிரும். எனவே மூதாதையரின் வெளிர் சுவர்களில் பாதி ரசனை, பாதி வேறு வழியின்மை. ஆனால் அந்த வேறு வழியின்மை அவர்களுக்கு நன்மையே செய்தது.

எப்படியென்று கணக்குப் பார்ப்போம். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பி அனுப்பும். நிலக்கரி நிறச் சுவர் 10 பங்கைக்கூட அனுப்பாது. வித்தியாசம் எட்டு மடங்குதானே என்று நினைத்துவிடக் கூடாது. யன்னலால் வந்த ஒளி ஒரு சுவரில் பட்டு, அடுத்த சுவரில் பட்டு, கூரைத்தட்டில் பட்டுத்தான் அறையின் மூலைகளை அடைகிறது. வெள்ளை அறையில் 100 பங்கு ஒளி முதற் தெறிப்பில் 80, இரண்டாவதில் 64, மூன்றாவதில் 51. கரிய அறையில் 10, பிறகு 1, அதன் பிறகு ஒன்றுமில்லை. யன்னலருகே வெளிச்சமாகவும் நான்கடி தள்ளி இருளாகவும் இருப்பது இதனால்தான். பல வர்ண அட்டைகளின் பின்புறத்தில் ஒளித்தெறிப்பு எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. அட்டையின் முன்புறத்தில் உள்ள கவர்ச்சியான பெயரை வாசிப்பவர்கள் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

அத்துடன் கண்ணின் கணக்கும் இருக்கிறது. அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததன் மூன்றிலொரு பங்கு அளவுதான். கண்மணி சுருங்கி, வில்லை மஞ்சளித்துப்போவது வயதின் இயல்பு. எண்பது வயதில் நிலைமை இன்னும் மோசம். ஆக, நாற்பது வயது மகன் படத்தில் பார்த்து மயங்கும் மங்கல் அழகு, அவருடைய தாயாருக்கு அழகல்ல, இருட்டு. கரிய சுவர், கரிய நிலம், நடுவே ஒரு படி. அந்தப் படி அவருக்குத் தெரியவில்லை. தட்டுப்பட்டது காலோடு போயிற்று. இடுப்பெலும்போடு போயிருந்தால் ரொறன்ரோவிலிருந்து விமானம் ஏற வேண்டியவர் யார்?

மகனோடு தொலைபேசியில் பேசினேன். நல்ல பிள்ளை. தாயில் பாசம் இல்லாதவர் அல்லர். "அங்கிள், வெள்ளையெண்டால் ஆஸ்பத்திரி மாதிரியெல்லோ இருக்கும். அதோடை ஊத்தை பிடிக்கும்" என்றார். இந்த இரண்டையும் நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

முதலாவதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஆஸ்பத்திரித் தோற்றம் சுவரால் வருவதில்லை, நீலம் பாரித்த ரியூப் லைற்றாலும் நிர்வாணமான சுவராலும் வருகிறது. வெளிர் என்றால் வெள்ளை ஒன்றுதான் என்றும் யாரும் சொல்லவில்லை. சந்தனம், பாலாடை, இளமஞ்சள், வெளிறிய பச்சை எல்லாம் உண்டு. வெயில் நேராக விழும் சுவருக்குத் தூய வெள்ளை அடித்தால் கண் கூசும் என்பதும் உண்மை.

இரண்டாவதுதான் விரிவாகப் பேச வேண்டியது. கடும் நிறம் அழுக்கைக் காட்டாது என்பது பெரும் பொய். அது காட்டாதிருப்பது ஒருசில வகை அழுக்கை மட்டுமே. எங்கள் செம்மண் தூசி கரிய சுவரில் எப்படிப் படிந்து தெரிகிறது என்பதை ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுவதும் இருந்து பார்த்தவர் சொல்லட்டும். பளபளப்பில்லாத கடும் வர்ணத்தில் கதிரை உரசினால் ஒரு வெளிறிய கோடு, ஈரத்துணியால் துடைத்தால் மினுங்கும் திட்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக உப்பு. அத்திவாரத்தால் ஈரம் ஏறும் பழைய சுவர்களிலும், உவர் நீரில் சீமெந்து குழைத்த சுவர்களிலும் உப்புப் பூக்கும். வெள்ளைச் சுவரில் அது கண்ணுக்குத் தெரியாது. நிலக்கரிச் சுவரில் தேமல் போல ஊரறியத் தெரியும்.

இன்னொன்று நுளம்பு. டெங்கு நுளம்பு வீட்டுக்குள் இருண்ட இடங்களைத் தேடி இளைப்பாறும் இயல்புடையது. வெள்ளைச் சுவரில் உட்கார்ந்தால் கண்டு அடிக்கலாம். கரிய சுவரில் உட்கார்ந்ததை அந்த அம்மா எந்தக் கண்ணால் காண்பது? 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். சுவரின் நிறத்தால் டெங்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. எதிரிக்கு மறைவிடத்தை நாமே ஏன் அமைத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

என் பக்கத்து ஆட்கள் சொல்லும் ஒரு தவறையும் திருத்திவிடுகிறேன். வீட்டுக்குள் கடும் நிறம் பூசினால் வெக்கை கூடும் என்கிறார்கள். உட்சுவரில் வெயில் படுவதில்லையாதலால் அங்கே நிறத்தால் வெப்பம் பெரிதாகக் கூடிவிடாது. கூடுவது வெளிச்சுவரின் நிறத்தாலும் கூரையாலும். அதைப் போலவே மின்கட்டண வாதத்தையும் நான் பெரிதாக எடுப்பதில்லை. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியதென்னவோ உண்மை, பின்னர் குறைந்ததும் உண்மை. ஆனால் இன்றைய எல்.ஈ.டி. குமிழ் ஒன்று தின்னும் மின்சாரம் சொற்பம். என் கவலை கட்டணம் அல்ல, குமிழே எரியாத நாள்.

அந்த நாளை நாங்கள் கண்டவர்கள். 2022 மார்ச் முடிவில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. அதற்கு முன்னர், 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காக மின்சாரமே இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. அந்த விளக்கை அறையின் நடுவில் எவரும் வைக்கவில்லை, சுவரோரமாகவே வைத்தார்கள். விளக்கின் ஒளியோடு சுவரின் ஒளியும் புத்தகத்தில் விழும் என்பதைப் பௌதிகம் படிக்காத தாய்மாரும் அறிந்திருந்தார்கள். இன்று கடும் நிறம் கேட்டு வட்ஸ்அப் அனுப்புவோரில் அந்த விளக்கில் படித்தவர்களும் இருக்கிறார்கள். இது எனக்குச் சற்று வலிக்கிறது.

வெளிநாட்டு வீடுகளைப் பார், அங்கே எத்தனை அழகாக இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு சொல். இலண்டனில் டிசம்பர் மாதம் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அங்கே மாலை அறை என்பது விளக்கொளியில் வாழும் அறை. வெளியே குளிர், உள்ளே இருண்ட சுவரும் மஞ்சள் விளக்கும் ஒரு கதகதப்பைத் தருகின்றன. அதை நான் மறுக்கவில்லை, அனுபவித்தும் இருக்கிறேன். விக்ரோரியா காலத்து ஆங்கிலேயர் கடும் நிறச் சுவர்களை விரும்பியதில் நிலக்கரிப் புகைக்கும் வாயு விளக்கின் கரிக்கும் பங்குண்டு, வெளிர்ச்சுவர் அங்கே ஒரு பருவமும் தாங்காது. ஆனால் அவர்களையும் விட இருண்ட குளிர்காலத்தில் வாழும் சுவீடன்காரர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வெளிர்சாம்பலும் வெளிர்நீலமும் பூசியவர்கள். கிடைக்கும் சிறிது ஒளியைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள் அவர்கள்.

படித்தவர்கள் சிலர் ஜப்பானிய எழுத்தாளர் தனிசாக்கியை இழுப்பார்கள். நிழலின் அழகைப் போற்றி 1933 இல் அவர் எழுதத் தொடங்கிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அதைக் கவனமாக வாசித்தால், அவர் போற்றிய இருள் வர்ண வாளியிலிருந்து வந்ததல்ல என்பது விளங்கும். ஆழ்ந்து இறங்கிய தாழ்வாரம் தந்த நிழல் அது. அந்த நிழல் வந்து தங்குவதற்காகச் சுவரை நிறம் அடக்கி விட்டார்கள். எங்கள் நாற்சார் வீட்டு விறாந்தையும் அதே தத்துவந்தான். ஜெப்ரி பாவா கொழும்பு 33 ஆவது ஒழுங்கையில் தமக்கென அமைத்த வீட்டிலும் வெள்ளைச் சுவர்களின்மேல் நிழல் விழுந்து அசைகிறது. கரிய சுவரில் நிழல் விழுந்தால் யார் காண்பது?

கடும் நிறத்துக்கு வீட்டில் இடமே இல்லையா? இருக்கிறது. நான் அறிந்த பழைய வீடுகளில் சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குக் கடும் நிறப் பட்டை ஒன்று ஓடும். திண்ணையில் சாய்ந்திருப்போரின் தலை எண்ணெய்க் கறை, கூட்டும்போது தெறிக்கும் தண்ணீர், பிள்ளைகளின் கால் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். வயோதிபர் வீட்டில் அதற்கு மேலும் பயன் உண்டு. எல்லாமே வெள்ளை என்றால் வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுவிச் தெரியாது, வெள்ளைக் குளியலறையில் வெள்ளைக் கொமட் தெரியாது. கதவு நிலை, படியின் விளிம்பு, கைபிடிக் கம்பி, சுவிச்சின் சுற்று ஆகியவற்றுக்குத்தான் அந்தக் கரிய வர்ணம் வேண்டும். பரந்த இடங்கள் வெளிராகவும் விளிம்புகள் கடுமையாகவும் இருந்தால் மங்கிய கண்ணுக்கும் வீடு வாசிக்கத் தெரியும், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தைப் போல. நாற்பது வருடம் அச்சுத்தாளோடு மாரடித்தவனுக்கு வேறு உவமை வரவில்லை.

மகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "அம்மா காலையிலை எத்தினை மணிக்கு லைற் போடுறவ எண்டு தெரியுமோ?" சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, தான் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

கடந்த வாரம் அந்த அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. நடைவழிக்கும் குசினிக்கும் பாலாடை நிறம் பூச மகன் சம்மதித்துவிட்டாராம். சாலை அப்படியே இருக்கட்டும் என்றிருக்கிறார். கரும்பச்சையை மறைக்க முதலில் ஒரு அடிப்பூச்சும் அதன் மேல் மூன்று தடவை வர்ணமும் தேவை என்று வேலைக்கு வந்தவர் கணக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் காசு வரும்வரை படியின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுத் தரும்படி அவரிடம் தாமே கேட்டு வாங்கிக்கொண்டாராம் அம்மா.