குவார்டியோலாவும் பி.டி. மாஸ்டரும்

2025 ஜூலையில் இந்தியக் கால்பந்து அணிக்குப் புதுப் பயிற்சியாளர் தேடினார்கள். 170 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. பார்சிலோனா புகழ் ஸாவி பெயரில் ஒன்று, பெப் குவார்டியோலா பெயரில் ஒன்று! நாடே நாலு நாள் பரபரத்தது. ஸாவிக்குக் கொடுக்க நம்மிடம் காசில்லை என்றுகூட சீரியஸாகச் செய்தி வந்தது. கடைசியில் பார்த்தால் இரண்டுமே போலி மெயில். உண்மையானவை அல்ல என்று கால்பந்து சம்மேளனமே அறிக்கை விட்டது.

சிரித்தாகிவிட்டதா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் கதை மாறாது. அங்கே தமிழ் நடத்தும் நண்பர் போனில் புலம்பினார். விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த உடற்கல்வி இயக்குநர் ரிட்டையர் ஆகிவிட்டாராம். சொந்தக் காசில் பந்து வாங்கிப்போட்டு, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கிற பையன்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு ஃபுட்பால் டீமைத் தட்டிக்கொட்டி உருவாக்கி வைத்திருந்தார் மனுஷன். அவர் போனார், டீமும் போச்சு.

"வேற ஆள் போடலையா?"

"கேட்டோம். 'நல்ல ஆள் எவன்யா இந்த ஊருக்கு வருவான்?'னு மேலிடத்துல சொல்லிட்டாங்க."

இந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை. மலைக்கு டாக்டர் ஏன் இல்லை? நல்ல ஆள் வரமாட்டான். வாத்தியார் ஏன் இல்லை? வரமாட்டான். எந்தக் கதவையும் மூட இந்த ஒரே பூட்டுதான். அழைப்பே அனுப்பாமல் விருந்தாளி வரவில்லை என்று குறைப்படுவதற்குப் பெயர் நிர்வாகமா?

ஆளுக்கா பஞ்சம்? சென்னை நந்தனத்தில் 1920லேயே ஹாரி பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பக்கத்திலேயே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், உடற்கல்வித் துறை இருக்கிறது. வருஷா வருஷம் பட்டம் வாங்கி வெளியே வருகிறவர்கள் எங்கே போகிறார்கள்?

2012ல் தமிழ்நாடு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களைப் பள்ளிகளில் நியமித்தது. உடற்கல்வி, ஓவியம், தையல் என்று பல பாடங்களுக்கு. மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரம் கேட்டு அவர்கள் உட்காராத போராட்டப் பந்தல் இல்லை. 2023ல் அதை 12,500 ஆக உயர்த்துவதாக அறிவித்தார்கள். இடையில் கோட்டையில் இரண்டு கட்சி ஆட்சியும் வந்து போனது. அதனால் யாரும் யாரையும் பார்த்து விரல் நீட்ட வேண்டாம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 2024 ஜூனில் இந்திய அணியின் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியதற்காகக் கொடுத்த நஷ்ட ஈடு 4 லட்சம் டாலர். நம்ம காசுக்கு 3 கோடிக்கு மேல். மாதம் 12,500 வாங்குகிற பி.டி. மாஸ்டர் ஒருவர் இந்தத் தொகையைப் பார்க்க 200 வருஷம் வேலை செய்ய வேண்டும். வேலையை விட்டுப் போவதற்கே அவ்வளவு!

கல்லூரிக்கு வருவோம். உடற்கல்வி இயக்குநராக யு.ஜி.சி. கேட்பது என்ன? முதுகலையில் 55 சதவிகிதம், நெட் அல்லது ஸ்லெட், இல்லாவிட்டால் பி.எச்டி. அதோடு 30 வயதுக்குட்பட்ட ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர் ஓடிக்காட்ட வேண்டும். நல்லது, ஓடட்டும். ஆனால் ஒரு டீமை உருவாக்கத் தெரியுமா என்பதற்குக் கால்பந்து உலகம் டி, சி, பி, ஏ என்று படிப்படியாகப் பயிற்சி லைசென்ஸ் வைத்திருக்கிறதே, அதை யு.ஜி.சி. கட்டாயமாகக் கேட்பதில்லை. இயக்குநர் என்பவர் கபடி, வாலிபால், தடகளம், சுதந்திர தின அணிவகுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆள். அந்த ஒரே ஆள் நாற்காலியும் காலியாகக் கிடந்தால்?

மலையூருக்கு எவன் வருவான் என்பவர்களுக்கு காலித் ஜமீல் கதையைச் சொல்கிறேன். மும்பையில் அவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். அவர் போன இடம் ஐஸ்வால். அதுவும் மலையூர்தான். முந்தைய சீசனில் கீழே தள்ளப்பட்டு, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்ட அணி. 2016-17ல் அதே அணி ஐ-லீக் சாம்பியன்! 170 விண்ணப்பங்களில் கடைசியில் இந்திய அணிக்குத் தேர்வானதும் இதே ஜமீல்தான். (அதற்கப்புறம் சிங்கப்பூரிடமும் பங்களாதேஷிடமும் தோற்றது வேறு விஷயம். அதைப் பேசினால் பக்கம் போதாது.)

2011 கணக்குப்படி மொத்த மிசோரமின் மக்கள்தொகை சுமார் 11 லட்சம். நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் இன்றைய எல்லைக்குள் அப்போதே 13 லட்சத்துக்கு மேல். அங்கே 2012ல் சொந்தமாக ஒரு லீக் ஆரம்பித்தார்கள். 2014ல் சந்தோஷ் டிராபியைத் தூக்கினார்கள். அப்படி ஓர் ஊருக்குப் பயிற்சியாளர் வருவதில் என்ன ஆச்சரியம்?

ஐஸ்வால் தூரம் என்றால் கடலூர் வரை போய்ப் பாருங்கள். அதுவும் பழைய தென்னாற்காடுதான். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவந்தார். அந்தக் கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போனார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரும் ஆனார். 2018ல் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தமிழ்நாடு முதல்முறையாக தேசிய மகளிர் பட்டம் வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். குவார்டியோலா வந்தா நடந்தது இது?

'ரோடும் ஆஸ்பத்திரியும் இல்லாத மலைக்கு ஃபுட்பால் கோச் ஒரு கேடா?' என்று ஒரு வாசகர் இந்நேரம் பேனாவை எடுத்திருப்பார். ஐயா, ரோடும் வேண்டும், ஆஸ்பத்திரியும் வேண்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றபோதுதான் சென்னைக்குக் கள்ளக்குறிச்சி ஞாபகம் வந்தது. கொன்றது மெத்தனால். அது மலையில் விளைவதல்ல. ஆனாலும் பழி கல்வராயன் மலை மேலும் விழுந்தது. அந்த மக்களின் நிலைமையை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. மாற்று வாழ்க்கை கொடுப்போம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருகிற 18 வயசுப் பையனுக்கு மாற்று வாழ்க்கை என்பது என்ன, ஆடு மட்டும்தானா?

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகிதம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கப் போட்டிகளில் ஆடி வாங்கிய சான்றிதழ் வேண்டும். போட்டிக்குப் போக டீம் வேண்டும். டீமுக்கு ஒரு மாஸ்டர் வேண்டும். முதல் படியை உருவிவிட்டு, மலைப் பையன் ஏணி ஏறவில்லை என்கிறோம்.

1962ல் ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கித் தந்த ரஹீம் சாகிப் அடிப்படையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அதற்கப்புறம் இன்றுவரை கால்பந்தில் அந்தத் தங்கம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு நண்பருக்குத் திரும்பவும் போன் போட்டேன். "அந்த வேலைக்கு மொத்தம் எத்தனை பேர்ப்பா அப்ளை பண்ணாங்க?"

"விளம்பரமே குடுக்கலையே" என்றார்.