சுடுசொற் களமும் இன்சொல் இல்லமும்

மனிதன் தனித்து வாழும் இயல்பினன் அல்லன். கூடி வாழ்தலும் கூடிப் பேசுதலும் அவனுடன் பிறந்த குணங்கள். ஊர் மன்றமும் ஆற்றங்கரையும் தேநீர்க் கடையும் வாசகசாலையும் அவ்வக் காலத்தில் அவனுக்குப் பேச்சுக்களங்களாய் அமைந்தன. இந்த நூற்றாண்டில் அக்களம் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. களம் எதுவாயினும் ஒரு வினா மட்டும் மாறுவதில்லை. பேச வந்த இடத்தில் நாள்தோறும் வசையே கிடைக்குமானால் அங்கேயே இருந்து பொறுப்பதா, எதிர்த்து நிற்பதா, அன்றி வேறிடம் நாடுவதா என்பதே அவ்வினா. டுவிட்டர் என்னும் சமூக ஊடகத்தை விட்டுப் பல இலட்சம் பேர் வெளியேறிய நிகழ்வை முன்வைத்து அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களத்தின் தோற்றமும் திரிபும்

டுவிட்டர் 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றியது. 140 எழுத்துகளுக்குள் கருத்தைச் சொல்லி முடிக்க வேண்டும் என்பது அதன் தொடக்கக்கால விதி. 2017இல் அவ்வரம்பு 280 ஆக உயர்ந்தது. ஒரு நூலுக்கு உரிய பத்து அழகுகளை வகுத்த நன்னூலார், சுருக்கத்தை முதலாவதாகவும் இனிமையை மூன்றாவதாகவும் வைத்தார். டுவிட்டரோ முதலாவதைப் பற்றிக்கொண்டு மூன்றாவதைக் கைநெகிழவிட்டது எனலாம்.

அக்களம் செய்த நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எந்தத் தெருவில் யார் சிக்கியுள்ளனர், எங்கே படகு உள்ளது, எங்கே உணவு கிடைக்கும் என்னும் செய்திகளை முன்பின் அறியாதோர் ஒருவருக்கொருவர் அதன்வழியே தெரிவித்துக்கொண்டனர். மனிதநேயம் அங்கேயும் பூத்தது. அவ்வாறாயின் கேடு எங்கிருந்து வந்தது?

மக்களின் தீக்குணமே காரணம் எனப் பலர் கூறுவர். அது பாதி உண்மையே. மீதிப் பாதி அக்களத்தின் அமைப்பிலும் வணிகத்திலும் உள்ளது. பிறர் பதிவை ஒரே அழுத்தலில் பரப்பும் வசதி 2009இல் வந்தது. முன்னர், பரப்ப விரும்புவோர் அப்பதிவைத் தம் கையால் மீண்டும் இட வேண்டியிருந்தது. சிந்திப்பதற்கு அச்சிறு நேரமாவது கிடைத்தது. 2016 முதல், கால வரிசையில் வந்த பதிவுகளை நிறுவனத்தின் கணிப்புமுறையே தேர்ந்து முன்னிறுத்தத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டு அந்நிறுவனம் ஈட்டிய ஏறத்தாழ 500 கோடி டாலரில் பத்தில் ஒன்பது பங்கு விளம்பர வருவாய். விளம்பரத்துக்குத் தேவை கூட்டம். கூட்டம் சேர்ப்பதில் சினத்துக்கு நிகரான கருவி வேறில்லை. ஒழுக்கமும் உணர்ச்சியும் கலந்த சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவின் பரவல் ஏறத்தாழ 20 விழுக்காடு மிகுகின்றது என நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டுவிட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு ஈண்டு நோக்கத்தக்கது. சுடுசொல் அங்கே தவறி விழும் சொல் அன்று. விலை போகும் சரக்கு.

யார்மீது விழுந்தது அடி?

அச்சரக்கின் விலையை எல்லோரும் ஒன்றுபோல் கொடுக்கவில்லை. 2019ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் காலத்தில் இந்தியப் பெண் அரசியலாளர் 95 பேரைக் குறித்து எழுதப்பட்ட டுவிட்டர் பதிவுகளை அம்னெஸ்டி அமைப்பு ஆராய்ந்து 2020இல் அறிக்கை வெளியிட்டது. ஏழு பதிவுகளுள் ஒன்று இழிமொழியாகவோ தொல்லை தருவதாகவோ இருந்தது. முஸ்லிம் பெண் அரசியலாளர்கள் இனம், சமயம் சார்ந்த வசையை மற்றவரினும் மிகுதியாகப் பெற்றனர்.

அரசியலில் இருப்போர் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும் என்று சொல்வார் உளர். அவர்களுக்கு 2021 சூலையிலும் 2022 சனவரியிலும் நடந்தவற்றை நினைவூட்ட விரும்புகிறோம். இதழாளர், வழக்கறிஞர், மாணவியர் எனப் பல முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்கள் அறியாமலே எடுத்து, அவர்களை ஏலம் விடுவதாகக் காட்டிய இரு செயலிகள் உருவாக்கப்பட்டன. அவற்றின் படங்கள் டுவிட்டரில் பரப்பப்பட்டன. இழிவு தாங்காமல் சிலர் தம் கணக்குகளை மூடினர். இரண்டாவது வழக்கில் கைதானோருள் 18 முதல் 21 வயது வரையிலான இளையோரும் இருந்தனர் என்பதைக் கல்லூரி ஆசிரியராகிய நாம் எளிதில் கடந்து செல்ல இயலாது. இழிவு செய்யப்பட்ட பெண்ணும் இழிவு செய்த இளைஞனும் ஒரே தலைமுறையினர். ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கத்தக்கவர்கள்.

நம் மாணவியருள் பலர் சமூக ஊடகத்தில் தம் முகத்துக்கு மாற்றாக ஒரு பூவையோ நிலவையோ வைத்திருக்கின்றனர். அதை அடக்கம் என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. அதில் அச்சமும் கலந்துள்ளது. கவிதை எழுதத் தெரிந்த பெண் அதனை வெளியிட அஞ்சுவாளாயின், இழப்பு அவளுக்கு மட்டும் அன்று, தமிழுக்கும் ஆகும்.

வெளியேற்றம்

இந்தியாவில் இவ்வெளியேற்றத்தின் முதல் அலை 2019 நவம்பரில் எழுந்தது. உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை டுவிட்டர் முடக்கியதே அதற்கு உடனடிக் காரணம். கூட்டத்தினர் அனைவரும் நாஜி வணக்கம் செலுத்த, ஒரு ஜெர்மானியத் தொழிலாளி மட்டும் கைகட்டி நிற்கும் புகழ்பெற்ற படத்தை அவர் தம் முகப்பில் வைத்திருந்தார். வெறுப்பை மறுத்தவன் படமே வெறுப்புப் படமாகக் கொள்ளப்பட்டது விந்தையிலும் விந்தை. வசைபாடுவோர் உலவ, வசையை எதிர்ப்போர் முடக்கப்படுகின்றனர் எனக் குமுறிய இந்தியர் பலர் அப்போது மாஸ்டடான் என்னும் தளத்துக்குச் சென்றனர்.

2022 அக்டோபர் இறுதியில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு டுவிட்டரை வாங்கினார். சில நாள்களில் ஊழியருள் ஏறத்தாழப் பாதிப்பேர் நீக்கப்பட்டனர். 2023 சூலையில் பெயரும் எக்ஸ் என மாறியது. அந்த மாற்றத்தின் தொடக்கத்திலேயே, 2022 அக்டோபரில் ஏறத்தாழ 3 இலட்சமாக இருந்த மாஸ்டடானின் மாதப் பயனர் தொகை நவம்பரில் 25 இலட்சமாக உயர்ந்தது. 2024 நவம்பரில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழ் தன் அலுவல்முறைக் கணக்குகளிலிருந்து எக்ஸ் தளத்தில் எழுதுவதை நிறுத்தியது. அதே மாதத்தில் புளூஸ்கை என்னும் மற்றொரு தளத்தில் சேர்ந்தோர் தொகை 2 கோடியைக் கடந்தது.

புதிய இல்லத்தின் இயல்பு

மாஸ்டடான் என்பது யானையை ஒத்த, அழிந்துபட்ட ஒரு விலங்கின் பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த இளைஞர் யூஜென் ராக்கோ 2016இல் இதை வெளியிட்டார். இது ஒருவருக்கு உரிய ஒரே மாளிகை அன்று. பல ஆயிரம் தனி வீடுகள் கொண்ட ஊர். ஒவ்வொரு வீடும் ஒரு சர்வர். அதனை நடத்துவோர் தனியாளாகவோ சங்கமாகவோ கல்வி நிறுவனமாகவோ இருக்கலாம். ஒரு வீட்டில் இருப்போர் மற்றொரு வீட்டினருடன் தடையின்றிப் பேசலாம். விளம்பரம் இல்லை. பதிவுகள் கால வரிசையிலேயே வருகின்றன. படிப்போரை வருத்தக்கூடிய செய்தியை ஓர் எச்சரிக்கைத் திரையின் பின்னே வைக்கலாம்; விரும்புவோர் மட்டும் திறந்து படிப்பர். பிறர் பதிவை எடுத்துக் காட்டி ஏளனம் செய்ய இடமாகும் என்று கருதி, மேற்கோள் காட்டிப் பகிரும் வசதி நெடுநாள் தவிர்க்கப்பட்டது. 2025இல் அது சேர்க்கப்பட்டபோதும், தம் பதிவை யார் மேற்கோள் காட்டலாம் என முடிவு செய்யும் உரிமை எழுதியவருக்கே அளிக்கப்பட்டது.

இன்சொல் தானே முளைப்பதன்று. வேலியும் காவலும் உள்ள இடத்திலேயே அது தழைக்கும். மாஸ்டடானின் பொதுப் பட்டியலில் இடம்பெற விரும்பும் சர்வர், இனவெறியையும் பெண்ணிழிவையும் முனைந்து தடுப்பதாக உறுதி கூற வேண்டும். மூட நேர்ந்தால் மூன்று மாதம் முன்னரே அறிவிக்க வேண்டும். 2019 சூலையில் வெள்ளையின வெறியர் கூடும் இடமெனப் பெயர்பெற்ற காப் என்னும் தளம், எவரும் எடுத்தாளத்தக்க இம்மென்பொருளையே எடுத்துக்கொண்டு இவ்வூருக்குள் நுழைந்தது. அதைத் தடுக்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை. ஆயினும் பெரும்பாலான வீட்டினர் தத்தம் கதவை அதற்கு அடைத்தனர். வந்தவர் பேசிக்கொண்டே இருந்தனர், கேட்பார்தாம் இல்லை.

தடையும் விடையும்

இங்கே மூன்று தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, வெளியேறுதல் கோழைத்தனம். களத்தைத் தீயோரிடம் ஒப்படைப்பதாகும் என்பது. எமது விடை இது. பொது மன்றத்தை விட்டு ஓடுவது வேறு. பிறர் கடையை விட்டு வெளிவருவது வேறு. வசையும் வசைக்கு மறுமொழியும் ஒருங்கே விளம்பரக் கூட்டமாகும் இடத்தில், எதிர்த்து நிற்பவரும் தாம் அறியாமலே அவ்வணிகத்துக்குத் துணைபோகின்றார். சிற்றினம் சேராமை என்னும் அதிகாரத்தை வள்ளுவர் பொருட்பாலில் அரசியலில் வைத்தார். ஆற்றல் மிக்க அரசனே தீய கூட்டத்தை விலக்க வேண்டுமெனின், அவ்விலகலை அச்சம் என்பது எவ்வாறு பொருந்தும்? எனினும் செய்தியாளர் முதலியோர் தொழிலின் பொருட்டு அங்கே இருக்க நேரலாம். அவர்களைக் குறைகூறுதல் எம் கருத்தன்று.

இரண்டாவது, புதிய இடம் வெறிச்சோடிப் போகும் என்பது. இதில் உண்மை உண்டு. மாஸ்டடானின் 25 இலட்சம் பயனர் தொகை 2023 சனவரித் தொடக்கத்திலேயே 18 இலட்சம் அளவுக்குக் குறைந்தது. பழகிய முகங்களையும் பல்லாண்டு எழுதிய எழுத்தையும் விட்டுவருதல் எளிதன்று. ஆயினும் பேச்சின் பயன் கேட்போரின் எண்ணிக்கையில் இல்லை. செவிகொடுத்துக் கேட்கும் நாற்பது பேரைக் கொண்ட வகுப்பறை, கூச்சலிடும் நாலாயிரம் பேரினும் மேலானது என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

மூன்றாவது தடையே வலிமையுடையது. இனிமை என்னும் பெயரால் உண்மை அடக்கப்படலாம் என்பது அது. 2022இல் மாஸ்டடானுக்கு வந்த கறுப்பின மக்கள் பலர், தாம் பட்ட நிறவெறித் துன்பத்தை எழுதியபோது அதையும் எச்சரிக்கைத் திரைக்குள் மறைக்குமாறு பழைய பயனர்கள் சிலர் வற்புறுத்தினர். அடிபட்டவன் அழுகுரலும் அமைதிக்குக் கேடு எனக் கொள்ளப்பட்டது. இதனை இன்சொல் என நாம் ஏற்பதற்கில்லை. பிறர் மனத்தைப் புண்படுத்தாமை ஒன்று. புண்பட்டவர் வாயை மூடுதல் மற்றொன்று. முன்னதே பண்பு, பின்னது வன்முறையின் மென்மையான வடிவம். இனிய சமூகம் என்பது துன்பம் பேசப்படாத இடமன்று. துன்பத்தை அச்சமின்றிப் பேசக்கூடிய இடம்.

நாம் செய்யத்தக்கது

இனியவை கூறலை வள்ளுவர் எங்கே வைத்தார் என்பது எண்ணத்தக்கது. அது இல்லறவியலில் விருந்தோம்பலுக்கு அடுத்த அதிகாரம். புறங்கூறாமையும் பயனில சொல்லாமையும் அவ்வியலிலேயே உள்ளன. இன்சொல் தனிமனிதனின் நாநலம் மட்டும் அன்று. ஓர் இல்லத்தை நடத்துவோர் கடமை என்பதே இவ்வைப்புமுறையால் நாம் பெறும் கருத்து. விருந்தினரை வரவேற்பவர், அவ்விருந்தினர் தம் வீட்டில் இழிவுபடாமல் காப்பதற்கும் பொறுப்புடையவர்.

ஆகவே இடம்பெயர்தல் செயலின் பாதியே. சென்ற இடத்தில் விதி வகுத்தல், வசையை உடனுக்குடன் நீக்குதல், புதியவரை வரவேற்றல், நடத்துவோரின் செலவில் பங்கேற்றல் ஆகியவை மீதிப் பாதி. நெதர்லாந்தில் உயர்கல்வி நிறுவனங்களின் கூட்டுறவு அமைப்பான சர்ஃப், மாணவர்க்கும் ஆசிரியர்க்குமென ஒரு மாஸ்டடான் சர்வரை 2023இல் தொடங்கியது. தமிழகக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஒன்றுகூடி அத்தகைய இல்லம் ஒன்றை ஏன் அமைக்கலாகாது? கவிதையும் திறனாய்வும் ஐயமும் விளக்கமும் அங்கே பகிரப்படலாம். கணினித்துறை மாணவர் அதனை நடத்தத் துணைபுரியலாம். ஆசிரியரும் மாணவ மாணவியரும் சேர்ந்து அதன் காவலராய் அமையலாம். அதுவரை, வகுப்புக்கென நாம் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேனும் ஒரு பெண் வசைக்கு ஆளாகும்போது வாளாவிருப்பதில்லை என்னும் உறுதியை மேற்கொள்ளலாம்.

மேற்கூறியவற்றால், சுடுசொற் களத்தை விட்டு நீங்குதல் தோல்வியன்று என்பதும், இன்சொல் இல்லம் தேடிக் கிடைப்பதன்று, கூடிக் கட்டப்படுவது என்பதும் பெறப்படும். பூவுக்கும் நிலவுக்கும் பின்னே மறைந்திருக்கும் நம் மாணவி தன் பெயரோடும் முகத்தோடும் ஒரு கவிதையை அச்சமின்றி வெளியிடும் நாளே அவ்வில்லம் கட்டி முடிந்த நாளாகும். அந்நாளை விரைந்து கொணர்தல் கற்றோர் அனைவரின் கடன்.