பூங்காவில் ஒரு பங்கு புதருக்கு

சென்னையின் ஒவ்வொரு பூங்காவிலும் நான்கில் ஒரு பங்கு நிலம் பூச்சிகளுக்கு உரியது. அந்த நிலத்தில் புல் வெட்டக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது, சருகைக் கூட்டிக் கொளுத்தக் கூடாது, இரவில் விளக்கு எரியக் கூடாது. இதை நிலைநாட்டவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். காலையில் பூங்காவில் நடப்பவர்கள், மாடித்தோட்டம் போட்டவர்கள், பள்ளி ஆசிரியர்கள், வண்ணத்துப்பூச்சிகளைப் படமெடுத்துப் பெயர் எழுதி வைக்கும் கல்லூரிப் பிள்ளைகள் எனப் பலரும் சேர்ந்து கையெழுத்திடும் பிரகடனம் இது.

கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். 1978 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் அந்தக் காடு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். அதையும், அடையாறு தியசாபிகல் சொசைட்டித் தோப்பையும், தொல்காப்பியப் பூங்காவையும் கண்போல் காக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் சிறிய தேனீ தன் கூட்டிலிருந்து சில நூறு மீட்டர்தான் இரை தேடிப் போகும். வியாசர்பாடியிலும் கொளத்தூரிலும் இருக்கும் தேனீக்குக் கிண்டி எட்டாத தூரம். அதை வாழவைப்பதும் சாகவிடுவதும் தெருமுனைப் பூங்காதான்.

அந்தப் பூங்காவை இன்று எப்படி வைத்திருக்கிறோம்? நடைபாதை முழுக்க பேவர் பிளாக். மரத்தின் தூர்வரை சிமெண்ட். மிச்ச இடத்தில் கொரியன் புல், ஓரத்தில் ஒரே மட்டமாகக் கத்தரித்த டுரண்டா வேலி. காய்ந்த கிளை கண்ணில் பட்டால் அன்றே வெட்டு. நீலப்பட்டைத் தேனீ மண்ணைத் துளைத்துத்தான் கூடு கட்டும். பேவர் பிளாக்கைத் துளைக்க அதனால் ஆகாது. அதன் ஆண் தேனீக்கள் இரவில் கூட்டுக்குப் போவதில்லை. மெல்லிய தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடி உறங்கும். விடியற்காலையில் புல்வெட்டும் மிஷின் வந்தால் தண்டோடு அவையும் போகும்.

இந்தத் தேனீக்கு ஒரு தனித் திறமை உண்டு. கத்தரிப் பூவின் மகரந்தம் பைக்குள் அடைபட்டுக் கிடக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தால்தான் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அது வராது. நீலப்பட்டைத் தேனீக்கும், கருவண்டு என்று நாம் விரட்டுகிற தச்சுத் தேனீக்கும் வரும். முருங்கைப் பூவை நாடி வருவதும் அந்தத் தச்சுத் தேனீதான். அது குடியிருப்பது நாம் அன்றே வெட்டிவிடும் காய்ந்த கிளையில். மாடியில் கத்தரி பூத்தும் காய்க்கவில்லையே என்று உரத்தை மாற்றிப் பார்ப்பவர்கள், கீழே தெருவில் வெறும் மண் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

களை என்று பிடுங்கி எறியும் செடிகளுக்காகவும் வாதாடுகிறோம். எருக்கில்லாத ஊரில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு எதைத் தின்னும்? கறிவேப்பிலை அழகிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வேண்டும். கிலுகிலுப்பையைத் தேடி நீல வேங்கை ஆண்கள் மொய்ப்பது தேனுக்காக அல்ல. அந்தச் செடியின் கசப்பை உறிஞ்சித்தான் பெண்ணை ஈர்க்கும் மணத்தை அவை உண்டாக்கிக்கொள்கின்றன. ஓட்டை விழாத இலையும் வேண்டும், வண்ணத்துப்பூச்சியும் வேண்டும் என்றால் நடக்காது. 2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அரசு அறிவித்ததை வரவேற்கிறோம். அது மலைக்காட்டில் வாழ்வது. நம் தெருவில் பறப்பவற்றுக்கும் மரியாதை வேண்டும்.

கொசுவைப் பற்றிப் பேசாமல் இந்த இயக்கம் நகர முடியாது. டெங்குவுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளின் துயரத்தை நாங்கள் ஒருபோதும் சிறிதாக எண்ண மாட்டோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகுவது வீட்டிலும் வாசலிலும் தேங்கும் நல்ல தண்ணீரில்: மூடாத டிரம், பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் டயர். நகரத்து மலேரியாக் கொசு மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். பூங்காப் புதருக்குள் அடிக்கும் புகை இவற்றின் புழுக்களைத் தொடுவதே இல்லை. தும்பி, தேனீ, அந்துப்பூச்சி என்று எதிர்ப்பட்டதையெல்லாம் வீழ்த்துகிறது. பறக்கும் கொசுவைப் பிடித்துத் தின்பது தும்பி, நீரில் நெளியும் புழுவைத் தின்பது அதன் குஞ்சு. ஆகவே வாரம் ஒருமுறை தெருவில் வீடு வீடாகத் தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துத் தேய்க்கும் வேலையை எங்கள் உறுப்பினர்கள் முதலில் ஏற்கிறார்கள். அதன் பிறகே, பூங்காவுக்குள் புகை வேண்டாம் என்று கேட்கும் உரிமையை எடுத்துக்கொள்கிறோம்.

புதர் வளர்ந்தால் பாம்பு வருமே என்ற பயமும் நியாயமானது. நடைபாதையை ஒட்டி மூன்றடி அகலம் புல் வெட்டியே இருக்கட்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தை விட்டுத் தள்ளிப் புதர் இருக்கட்டும்.

பூங்காப் பணியாளர்கள் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. வெட்டச் சொன்னால் வெட்டுகிறார்கள், கூட்டச் சொன்னால் கூட்டுகிறார்கள். மாற வேண்டியது பராமரிப்பு ஒப்பந்தம். வெட்டாத பகுதியைக் காப்பதும் வேலைதான் என்று அதில் எழுத வேண்டும். அதற்கும் முழுக் கூலி தர வேண்டும்.

ஜெர்மனியின் இயற்கைக் காப்பகங்களில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாக 2017இல் உலகுக்குத் தெரிந்தது. கிரேஃபெல்டு நகரத்துப் பூச்சி ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்காகப் பொறி வைத்து, எடை போட்டு, குறித்து வைத்ததால் தெரிந்தது. அந்தப் பொறுமையை நாங்களும் கைக்கொள்கிறோம். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு குழுவும் தன் தெருப் பூங்காவில் ஒரு மூலையைத் தேர்ந்து, கயிறு கட்டி, அங்கே வரும் பூச்சிகளை மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில் எண்ணி எழுதத் தொடங்கும். அந்த நோட்டின் நகலோடு, கால் பங்கு நிலம் கேட்கும் மனுவை வார்டு உறுப்பினரிடம் நேரில் கொடுப்போம். பதில் எழுத்தில் வரும்வரை ஒவ்வொரு மாதமும் புதிய கணக்கோடு மீண்டும் போவோம்.