பாலும் ஹாலும் ஒன்றுதான்!

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் ஒரு நாள் காலையில் நின்று பாருங்கள். எத்தனை பேச்சு காதில் விழுகிறது!

நம் கொங்குத் தமிழ் கேட்கும். நீலகிரியில் இருந்து வந்தவர் படுகு பேசுவார். பாலக்காட்டுக்காரர் மலையாளம் பேசுவார். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களும் அங்கே உண்டு.

மொழிகள் வேறு. ஆனால் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நாம் பால் என்கிறோம். மலையாளத்திலும் பால்தான். தெலுங்கில் பாலு. கன்னடத்திலும் படுகிலும் ஹாலு. நம் புலி, கன்னடத்தில் ஹுலி. பல், ஹல்லு. பத்து, ஹத்து.

கவனித்தீர்களா? நம் சொல் "ப" என்று தொடங்கினால், கன்னடச் சொல் "ஹ" என்று தொடங்குகிறது. பழங்கன்னடத்தில் அங்கும் "ப" தான் இருந்தது. பிறகு மாறிவிட்டது. ஒரு சொல்லில் இப்படி வந்தால் தற்செயல் எனலாம். பல சொற்களில் ஒரே ஒழுங்காக வந்தால், அது உறவின் அடையாளம்.

ஒரு சொல் இரண்டு மொழிகளில் இருப்பதாலேயே அவை உறவாகிவிடா. ஜன்னல், மேசை இரண்டும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொற்கள். அதனால் தமிழும் போர்ச்சுகீசும் அக்காள் தங்கை ஆகுமா? ஆகாது! விருந்தாளி வேறு, உடன்பிறந்தவர் வேறு. அதனால்தான் அறிஞர்கள் கண், கை, பால், எண்கள் போன்ற வீட்டுச் சொற்களையும் இலக்கணத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

1786-ம் ஆண்டு, கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் மூலம் ஒன்றே என்றார். இந்தியும் ஆங்கிலமும் கூட அந்தக் குடும்பம்தான். ஆச்சரியமாக இருக்கிறதா? உண்மை!

தென்னாட்டு மொழிகளும் சமஸ்கிருதத்தில் பிறந்தவையே என்று அப்போது பலர் நினைத்தார்கள். அது தவறு, இவை தனிக் குடும்பம் என்று 1816-ல் சென்னை கலெக்டர் எல்லிஸ் துரை எடுத்துக் காட்டினார். 1856-ல் கால்டுவெல் பாதிரியார் பெரிய நூலே எழுதி அதை நிலைநாட்டினார். திராவிட மொழிக் குடும்பம் என்பது இதுதான். பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியும் இதில் சேர்ந்ததே.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நீலகிரி மலையிலேயே தோடர், கோத்தர் மொழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பேசுகிறவர்கள் மிகச் சிலர்தான். இரண்டும் மறையும் ஆபத்தில் இருப்பதாக யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது.

சின்ன மொழிதானே, போனால் என்ன என்று நினைக்கக் கூடாது. கோத்தர் பாலைப் "பால்" என்றே சொல்கிறார்கள். நம் குடும்பத்தின் பழங்கதைக்கு அவர்கள் பேச்சும் ஒரு சாட்சி. சாட்சி போய்விட்டால் கதையில் ஓர் ஏடு கிழிந்துபோகும்.

ஒரு மொழி எப்போது சாகிறது? அதைப் பேசக் குழந்தை வெட்கப்படும்போது! வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டுப் பேச்சில் ஒரு வார்த்தை சொல்கிறது. மற்றவர்கள் சிரிக்கிறார்கள். மறுநாள் அந்தப் பிள்ளை வாய் திறப்பதில்லை.

பெற்றோர்களே! வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி பேசும் குழந்தைக்கு இரண்டும் சொத்து. வீட்டுப் பேச்சைக் கைவிடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை "ஹாலு" என்று கேட்டால், உங்கள் பிள்ளை சிரிக்க வேண்டாம். அது நம் அக்காள் தங்கை வீட்டுப் பேச்சு என்று சொல்லிக்கொடுங்கள்.