குப்பைக்கும் வரியா?

எங்கள் தெருவில் குப்பை வாங்க வரும் அம்மாள் ஒருநாள் மாலை என் வைத்தியசாலைக்கு வந்தார். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. "ஊசி குத்திடுச்சு ஐயா. ரெண்டு நாளாவுது. ஏதாச்சும் களிம்பு இருந்தா குடுங்க" என்றார். யாரோ ஒரு சர்க்கரை நோயாளி, இன்சுலின் போட்டுக்கொண்ட ஊசியை மிச்சச் சோற்றோடு பையில் போட்டு முடிச்சுப் போட்டிருக்கிறார்.

களிம்பு தடவி அனுப்புகிற விஷயமா இது? யார் உடம்பில் ஏறிய ஊசி என்று தெரியாதபோது ஹெபடைடிஸ்-பி, எச்.ஐ.வி. இரண்டையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கியாக வேண்டும். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். (சித்த வைத்தியர் இங்கிலீஷ் மருந்துக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்டார்கள். அனுப்பத்தான் வேண்டும்!)

அதே வாரம் மூட்டுவலித் தைலம் வாங்க வந்த நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார். "பாருங்க டாக்டர், இனிமே குப்பைக்கும் காசு கேப்பாங்களாம். வீட்டு வரியை ஏத்தினது பத்தாதா?"

அவர் கோபம் நியாயம்தான். 2022-ல் சென்னையில் சொத்து வரியை உயர்த்தியபோது, பழைய நகரப் பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட சின்ன வீட்டுக்கே 50 சதவீதம் ஏறியது. 1,800 சதுர அடிக்கு மேல் என்றால் 150 சதவீதம். அதற்கு முன்னால், 2021 ஜனவரி முதல் வீட்டுக்கு மாதம் 10 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை குப்பைக் கட்டணம் என்று மாநகராட்சி அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள். ஆனால், 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு விதிகளிலேயே இந்தக் கட்டணத்துக்கு இடம் இருந்தது. அதனால் மாமன்றத்தில் இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும்.

வரட்டும். கட்டணமே கூடாது என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு இவ்வளவு என்று போடாமல், குப்பை எப்படி வருகிறது என்று பார்த்து வாங்குங்கள் என்பேன். பிரித்துக் கொடுக்கிற வீட்டுக்குக் கட்டணமே வேண்டாம். கலந்து கட்டிக் கொடுக்கிற வீடு தாராளமாகக் கட்டட்டும். அடுக்குமாடியில் எது யார் பை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? மொத்தக் குடியிருப்புக்கும் சேர்த்துப் போடுங்கள். மற்றதைச் செயலாளர் பார்த்துக்கொள்வார்!

எங்கள் மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று உண்டு. மலம், சிறுநீர், தும்மல், கொட்டாவி என்று போகும். இவற்றை அடக்கினால் நோய் வரும். சென்னையில் ஒரு நாளைக்குச் சேருகிற குப்பை சுமார் 5,000 டன். அதைப் பல காலமாகப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அடக்கி அடக்கி வைத்தோம். ஈரக்குப்பையைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயு வரும். அது எளிதில் தீப்பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு எரிந்தபோது, சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் நாட்கணக்கில் புகையைச் சுவாசித்தார்கள். ஆஸ்துமாக்காரர்கள் பாடு கேட்கவே வேண்டாம்.

இப்போது எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். வாழைப்பழத் தோலும் சாம்பார் வண்டலும் எப்படி ஐயா எரியும்? கூடவே பி.வி.சி. பிளாஸ்டிக்கும் சேர்ந்து சரியாக எரியாமல் போனால் டயாக்சின் என்ற நஞ்சு வரும்.

கேரளத்து ஆலப்புழையில் 2012-ல், சர்வோதயபுரம் கிடங்குக்கு வந்த குப்பை லாரிகளை அங்கிருந்த ஜனங்கள் மறித்தார்கள். போக்கிடம் இல்லாமல் போன பிறகுதான் நகராட்சி வீடுவீடாகப் போயிற்று. குழாயில் உரம் போடவும், சமையல் கழிவில் எரிவாயு எடுக்கவும் மானியம் கொடுத்தார்கள். சென்னை அளவுக்குப் பெரிய ஊர் இல்லைதான். ஆனால், அடுப்பங்கரை எல்லா ஊரிலும் ஒன்றுதானே?

நானும் யோக்கியன் இல்லை. கஷாயம் வடித்த சக்கையைப் பல வருஷம் பிளாஸ்டிக் பையில் கட்டித் தெருத் தொட்டியில் போட்டவன்தான். இப்போது மொட்டை மாடியில் ஓட்டை போட்ட இரண்டு மண்தொட்டிகள் இருக்கின்றன. காய்ந்த இலை ஒரு அடுக்கு, சக்கை ஒரு அடுக்கு, மேலே கொஞ்சம் புளித்த மோர். ஆடாதோடைச் செடி அந்த உரத்தில்தான் நிற்கிறது.

மாநகராட்சிக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் பிரித்துக் கொடுப்பதை வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறவரை காசு கேட்காதீர்கள். வாங்கும் காசில் முதலில் அவர்களுக்கு நல்ல கையுறை வாங்கிக் கொடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் இன்றைக்கே ஒரு கெட்டியான, மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியை எடுத்து வையுங்கள். போட்ட ஊசி அதற்குள்தான் போக வேண்டும். நிறைந்ததும் இறுக்கி மூடி, மேலே 'ஊசி' என்று எழுதி, கையில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

அந்த அம்மாள் 28 நாள் மாத்திரை சாப்பிட்டார். வயிற்றைப் புரட்டியதாம். ஆனாலும் ஒருநாள்கூட வேலைக்கு வராமல் இல்லை. முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்திருக்கிறது. மூன்றாம் மாதப் பரிசோதனை அடுத்த வாரம்.